கடைசி வரிசையில் அமர்பவர் யார்?

குடும்பத்திற்கென ஒரு பெரிய கார் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் எழும் முதற் கேள்வி, விலை என்ன என்பது. இரண்டாவது கேள்வி, நிறம் எது என்பது. மூன்றாவதாகவேனும் எழ வேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. அந்த வண்டியின் கடைசி வரிசையில் அமரப் போகிறவர் யார்?

நம் பங்குகளில் இன்று ஆறு பேர், ஏழு பேர் அமரும் வாகனங்கள் பெருகி வருகின்றன. முன்னர் வாடகை வேன் அமர்த்தி வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் சென்று வந்த குடும்பங்கள் இப்போது சொந்த வண்டியில் சென்று வருகின்றன. பாட்டனார், பாட்டியார், பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் சேர்ந்து பயணம் செய்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், புது வண்டியை மந்திரிக்கக் கோயில் முற்றத்திற்குக் கொண்டுவருவோர் அதன் முகப்பில் நின்றே புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். பின்கதவைத் திறந்து காட்டுவோர் மிக அரிது. வண்டியைத் தேர்ந்தெடுப்பதும் இப்படியே முகப்பைக் கண்டு நடைபெறுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

குடும்பத்திற்கான பெரிய கார்களை மூவகையாகப் பிரிக்கலாம். சாதாரணக் காரின் கூரையைப் பின்புறம் முடிய நீட்டி, உள்ளே பொருள்களுக்கு இடம் பெருக்கியது ஸ்டேஷன் வேகன். முகப்பைக் குறுக்கி, தளத்தைத் தாழ்த்தி, பெட்டி போல் மூன்று வரிசை இருக்கைகளுடன் அமைந்தது மினிவேன். நம் நாட்டில் இதனை எம்.பி.வி. என்பர். ஜீப்பின் வழிவந்து, தரையினின்று உயர்ந்து நிற்பது எஸ்.யு.வி.

இம்மூன்றும் பெருவழக்குப் பெற்ற நாடு அமெரிக்கா. அங்கே இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முன்னதைப் பின்னது விரட்டிய வரலாறு சுவையானது. இரயில் நிலையத்தில் இறங்குவோரையும் அவர்தம் பெட்டிகளையும் ஏற்றிச் செல்வதற்கென மரத்தாலான உடற்பகுதியுடன் செய்யப்பட்ட வண்டிகளே முதலில் ஸ்டேஷன் வேகன் எனப் பெயர் பெற்றன. பின்னர் எஃகு உடல் பெற்று, 1950களிலும் 1960களிலும் புறநகர்க் குடும்பங்களின் அடையாளமாகவே அவை விளங்கின. சிலவற்றில் கடைசி இருக்கை பின்னோக்கித் திரும்பியிருக்கும். பிள்ளைகள் தாங்கள் கடந்து வந்த சாலையைப் பார்த்தபடியே பயணம் செய்தனர்.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி இதனை மாற்றியது. 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. கார்களுக்கு ஓர் அளவும், இலகு ரக டிரக்குகளுக்கு அதனினும் தளர்ந்த ஓர் அளவும் அதன்கீழ் வகுக்கப்பட்டன. வேகன் காரோடு சேர்ந்தது. மினிவேனும் எஸ்.யு.வி.யும் டிரக் என்னும் பெயரால் சலுகை பெற்றன. இன்று தெருவெங்கும் உயரமான வண்டிகள் நிற்பதற்கு மக்களின் விருப்பம் மட்டும் காரணமன்று. சட்டத்தின் ஒரு சொல்லும் காரணம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மினிவேன் பிறந்த கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1979-இல் கிரைஸ்லர் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. 150 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசே பிணை நின்றதால் அது பிழைத்தது. ஃபோர்டு நிறுவனத்தைவிட்டு விலக்கப்பட்டு அங்கு வந்து சேர்ந்த லீ அயக்கோக்கா, ஹால் ஸ்பெர்லிக் ஆகிய இருவரின் முயற்சியால், 1983-ஆம் ஆண்டின் இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற இரு பெயர்களில் அந்த வண்டி வெளிவந்தது. அதன் சிறப்பு எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பில் இருந்தது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீண்ட இரும்புத் தண்டு அடியில் இல்லாமையால் தளத்தைத் தாழ்த்தவும் சமமாக்கவும் இயன்றது. குழந்தையை இடுப்பில் வைத்த தாயும், கோல் ஊன்றிய முதியவரும் ஏறாமலே உள்ளே நுழையலாம். இழுத்துத் திறக்கும் கதவு. வீட்டுக் கொட்டகையில் நுழையும் உயரம். குடும்பத்தைப் பற்றி யாரோ அமர்ந்து சிந்தித்துச் செய்த வண்டி அது என்றே நான் கருதுகிறேன்.

அதில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவரானதும் அதையே வெறுத்தனர் என்பது வேடிக்கை. தாய்மார் ஓட்டும் வண்டி என்ற பெயர் அதற்கு வந்துவிட்டது. 1990-இல் வந்த ஃபோர்டு எக்ஸ்புளோரர் போன்ற எஸ்.யு.வி.க்கள் வீரத்தின் தோற்றத்தோடு அதன் இடத்தைப் பிடித்தன. டிரக்கின் சட்டத்தின்மேல் உயர்ந்து நின்ற அவ்வண்டிகளுக்கு ஒரு குறை இருந்தது. எடை உயரத்தில் இருப்பதால், திடீரெனத் திரும்பும்போது கவிழும் இயல்பு காரைவிட மிகுதி. எக்ஸ்புளோரரில் பெரிதும் பயன்பட்ட 65 இலட்சம் டயர்கள் 2000-ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. டயர் பிரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகளில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். வழுக்கும் வண்டியைத் தானே நிலைப்படுத்தும் மின்னணுக் கருவி 2012 முதல் அங்குக் கட்டாயமானது. அதனால் இவ்வபாயம் பெரிதும் குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எஸ்.யு.வி. வாங்குவோர் இக்கருவி தாம் வாங்கும் வகையில் உண்டா என்று கேட்டே வாங்குக.

நம் நாட்டிற்கு வருவோம். வேகன் இங்கு வேரூன்றவேயில்லை. 1992-இல் டாட்டா எஸ்டேட்டும், 2004-இல் இண்டிகோ மரீனாவும் வந்தன, நிலைக்காமல் போயின. டிக்கி தனியே பிதுங்கி நிற்பதே கௌரவம் என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே, நம் குடும்பங்களுக்கு உண்மையில் உள்ளவை இரண்டே தேர்வுகள்.

வேன் நமக்குப் புதிதன்று. 1984-இல் வந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்ற மாருதி வேன், 2019 வரை கடைக்காரரையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தது. 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2012-இல் எர்டிகா எனத் தொடர்ந்து வந்தன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உருவாகும் டிரைபர் 2019-இல் வந்தது. இவற்றை ஒரே இனமாக எண்ணிவிடலாகாது. பழைய இன்னோவாவும், 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவும் டிரக்கைப் போன்ற சட்டத்தின்மேல் அமைந்தவை, பின்சக்கரத்தால் இயங்குபவை. உழைப்பிற்கு அஞ்சாதவை, ஆனால் தளம் உயர்ந்தது. முழங்கால் வலியுள்ள பாட்டியார் அதில் ஏறப் பிடிமானம் தேட வேண்டியிருக்கும். 2022-இல் வந்த ஹைகிராஸ் முன்சக்கரத்தால் இயங்குகிறது. 1983-இல் கிரைஸ்லர் கண்ட வழிக்கு இன்னோவாவும் வந்து சேர்ந்தது எனலாம்.

எஸ்.யு.வி. என்ற சொல்லோ நம் நாட்டில் தன் பொருளையே இழந்துவிட்டது. 2006-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. அதுமுதல் நிறுவனங்கள் நான்கு மீட்டர் என்னும் கோட்டிற்குள் எதையும் அடக்கக் கற்றுக்கொண்டன. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய சிறு கார்களுக்குச் சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு. அளவு மீறிய பெருங்கார்களுக்கு 40. எனவே, எஸ்.யு.வி. எனச் சிறிய விலையில் விற்கப்படுவன பெரும்பாலும் உயர்த்திக் கட்டிய சிறு கார்களே. நான்கு சக்கரங்களும் இயங்கும் ஆற்றல் அவற்றுள் அநேகமானவற்றிற்கு இல்லை. சேற்றில் சிக்கினால் பக்கத்து வீட்டுச் சிறு கார் படும் பாட்டையே அதுவும் படும்.

இனிக் கடைசி வரிசைக்கு வருவோம். ஏழு இருக்கை என்று விளம்பரம் கூறும். ஏழு பேர் அமர்ந்தபின் பெட்டிகள் எங்கே போகும் என்று அது கூறாது. மூன்று வரிசைகளையும் நிமிர்த்தி வைத்தால் டிரைபரின் டிக்கியில் எஞ்சும் இடம் 84 லிட்டர். எர்டிகாவில் 209 லிட்டர். வீட்டிற்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கொண்டு கணக்கிட்டால், முன்னதில் நான்கு கேன், பின்னதில் பத்துக் கேன். ஏழு பேரின் மூன்று நாள் உடைகள் இதில் அடங்குமா என்பதை வீட்டு அம்மாவே சொல்லட்டும். அடங்காதவை கூரைமேல் கேரியருக்குப் போகின்றன. எடை மேலே ஏற ஏற வண்டியின் நிலைப்பும் குன்றுகிறது. ஏழு பேரும் சராசரி 60 கிலோ என்றால் 420 கிலோ. முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே ஒட்டியுள்ள சீட்டில் காணலாம். நெடும்பயணத்திற்குமுன் அதனைப் படித்துப் பார்ப்போர் எத்தனை பேர்?

இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. வண்டியின் பாதுகாப்பை நட்சத்திரங்களால் மதிப்பிடும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கியது. வண்டியை முன்புறமாகத் தடுப்பில் மோதச் செய்கின்றனர். பக்கவாட்டிலும் மோதிப் பார்க்கின்றனர். பெரியவரைப் போன்ற பொம்மைகள் முன்னிருக்கையிலும், குழந்தையைப் போன்ற பொம்மைகள் இரண்டாம் வரிசையிலும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசையில் பொம்மை இல்லை. பின்னிருந்து லாரி மோதுவது இந்த நட்சத்திரக் கணக்கில் சேருவதும் இல்லை. ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டியாயினும், அந்த ஐந்தும் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கு உரியவை அல்ல. நம் வீடுகளிலோ, "சின்னப் பிள்ளைகள்தானே, பின்னால் ஏறட்டும்" என்று சொல்லி அங்கு அனுப்புவது யாரை?

இதற்காக நட்சத்திரங்களைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. நம் நாட்டில் செய்யப்பட்டு ஆப்பிரிக்காவில் விற்கப்பட்ட எர்டிகா, 2024-இல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியோர் பாதுகாப்பில் ஒரே நட்சத்திரம் பெற்றது. பின்னர் 2025-இல் இங்கு அவ்வண்டியின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள் வந்தன. மகிந்திரா எக்ஸ்யுவி 700 என்ற எஸ்.யு.வி. 2021-இலும், இன்னோவா ஹைகிராஸ் 2025-இலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. வேன் என்பதால் நொய்யது, எஸ்.யு.வி. என்பதால் உறுதியானது என்பதற்கு ஆதாரம் இல்லை. வண்டிக்கு வண்டி பார்க்க வேண்டும். மூன்றாம் வரிசையைத் தேவையற்ற நாள்களில் மடித்தே வைக்க வேண்டும். தேவைப்படும் நாளில், பின்கண்ணாடிக்கும் அங்கு அமர்பவர் தலைக்கும் இடையே எத்தனை சாண் என்று அளந்து பார்க்க வேண்டும்.

பின்னிருக்கைப் பட்டையைப் பற்றி நம்மவர்க்கு ஓர் அலட்சியம் உண்டு. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில் பட்டை அணியாமலே இருந்தார் என்று காவல்துறை கூறியது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பட்டையோ அவர்களுக்கான இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அபராதத்திற்கு அஞ்சி அணிவோரும் அணியட்டும்; குறையில்லை.

உயரமான வண்டிக்கு இன்னொரு மறைவும் உண்டு. அதன் முன்மூடிக்கு அருகே நிற்கும் இரண்டு வயதுக் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. 2019 சூலை முதல் நம் நாட்டுக் கார்களுக்குப் பின்புறத்தில் எச்சரிக்கும் கருவி கட்டாயம். முன்புறத்திற்கு அவ்வாறு இல்லை. குழந்தைகள் விளையாடும் குறுந்தெருவில் வாழ்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே, என் கருத்து இது. முதியோரும் சிறுவருமாக ஐவருக்கு மேற்பட்டோர் வாரந்தோறும் சேர்ந்து செல்லும் வீட்டிற்குத் தாழ்ந்த தளமுள்ள வேனே தகும். கொடைக்கானல் மலைத் தோட்டங்களிலோ, மழையில் அரித்துப்போகும் மண்பாதையின் முடிவிலோ வாழ்வோருக்கு உண்மையான எஸ்.யு.வி. வேண்டும், அவர்களை நான் குறை கூறேன். நால்வர் உள்ள குடும்பம், ஆண்டிற்கு மூன்று நாள் திருவிழாவிற்கு வரும் உறவினரை எண்ணி ஏழு இருக்கை வண்டியை ஏழாண்டுத் தவணையில் வாங்குவது வீண். அம்மூன்று நாளும் வாடகை வேன் அமர்த்தினால் ஓட்டுநரும் உடன் வருவார். வீட்டுத் தலைவரும் செபமாலைக்குக் குரல் கொடுக்கலாம்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், ஷோரூமிற்கு மகனும் தந்தையும் மட்டும் செல்ல வேண்டாம். பாட்டியாரையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் முன்னிருக்கையின் திரையைக் காட்டத் தொடங்கும்போது, வீட்டில் உயரமானவர் மூன்றாம் வரிசையில் ஏறி, நடுவரிசையில் ஆள் இருக்க, கால் மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். பாட்டியார் யாருடைய கையையும் பற்றாமல் நடுவரிசையில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். இறங்கியவர் முழங்காலைத் தடவாமல் நடந்து வந்தாரானால், விலையைப் பேசத் தொடங்கலாம்.