வலிக்கு முன்னரே அறிவிக்கும் இரத்தம்

மங்கில் பால் குறையுமாயின், மரத்திற்கு ஏதோ குறை நேர்ந்தது என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர் அறிவர். மனித உடலின் குறையை இரத்தம் அறிவிக்கிறது. இரைப்பையில் தோன்றும் புற்றுநோய், தொடக்கத்தில் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. ஆயினும் இரத்தத்திலுள்ள ‘மைக்ரோ ஆர்.என்.ஏ.’ எனும் நுண்மூலக்கூறுகளின் அளவை மாற்றிவிடுகிறது.

அவற்றுள் 12 மூலக்கூறுகளை அளந்தறியும் ‘காஸ்ட்ரோகிளியர்’ சோதனை சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டது. சிங்கப்பூர், கொரியா ஆகிய நாடுகளில் 5,248 பேரைக் கொண்டு ஆய்வு நடைபெற்றது. 2019ஆம் ஆண்டில் சுகாதார அறிவியல் ஆணையம் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது.

இச்சோதனை நோயை உறுதிசெய்வதன்று. உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனை எவருக்குத் தேவை என்பதையே காட்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமடையும் வாய்ப்பு மிகுதி. ஆகவே பசியின்மை, உடல் மெலிவு, கருநிற மலம் ஆகியவை காணப்படின், வாயுக்கோளாறு என ஒதுக்காது உடனே மருத்துவரை நாடுவீர்களாக.