வலிதான் போய்விட்டதே, சோதனை எதற்கு?

அடிவயிற்றில் குத்தும் வலி, கூடவே காய்ச்சல். அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்துவிட்டு, “குடல்வால் நன்றாக இருக்கிறது, இது டைவர்டிகுலைடிஸ்” என்கிறார் மருத்துவர். சில நாளில் வலி அடங்கிவிடுகிறது. வீடு திரும்பும்போது, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ‘கொலோனோஸ்கோப்பி’ செய்துகொள்ள ஒரு தேதி தருகிறார்கள். வேலை, பிள்ளைகளின் தேர்வு என்று அந்தத் தேதியைத் தள்ளிப்போடத் தோன்றும்.

வயது ஏறும்போது பெருங்குடல் சுவர் ஆங்காங்கே பலவீனமடைந்து சிறு பைகளாகப் பிதுங்கும். பெரும்பாலானோருக்கு அவற்றால் தொல்லை இல்லை. பையில் அழற்சி ஏற்பட்டால்தான் டைவர்டிகுலைடிஸ். மேலை நாட்டவர்க்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வரும் இது, ஆசியர்களிடம் வலப்பக்கமும் அதிகம் வருவதால் குடல்வால் வலி என்றே முதலில் சந்தேகிக்கப்படும்.

இந்தப் பைகள் புற்றுநோயாக மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம். சிக்கல் வேறு. அழற்சியால் தடித்த குடல் சுவரும் புற்றுநோயால் தடித்த சுவரும் ஸ்கேன் படத்தில் ஒன்றுபோலவே தெரியலாம். வீக்கம் வடிந்த பிறகு, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே செலுத்திப் பார்த்தால்தான் எது என்று தெளிவாகும். வீக்கம் இருக்கும்போதே செலுத்தினால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடும் என்பதால்தான் இத்தனை வாரக் காத்திருப்பு.

சீழ்க்கட்டி, குடல் ஓட்டை என்று நோய் முற்றியிருந்தவர்களிடம் புற்றுநோய் மறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. லேசாக வந்துபோனவர்களுக்கு வாய்ப்பு குறைவு. கடந்த ஓராண்டுக்குள் முறையாகச் சோதித்திருந்தால், இப்போது வேண்டாம் என மருத்துவரே சொல்லக்கூடும். சிங்கப்பூரில் 50 வயதானவர்கள் ஆண்டுதோறும் செய்யும் மலப் பரிசோதனை இதற்கு ஈடாகாது. அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது.

சோதனையைவிட அதற்கான தயாரிப்புதான் பாடு. இரண்டு மூன்று நாளுக்குக் கீரை, பருப்பு, காய்கறி, பழம் கிடையாது. வெள்ளைச் சோறு, இடியாப்பம், மீன், முட்டை போதும். கடலையும் சோளமும் இந்தப் பைகளில் சிக்கி அழற்சியை உண்டாக்கும் என்பது பழைய நம்பிக்கை. சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008ல் வெளியான அமெரிக்க ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் சோதனைக்கு முன் விதைகள் வேண்டாம். குடலில் ஒட்டிக்கொண்டு காட்சியை மறைக்கும். முதல் நாள் பால் கலக்காத தே ஓ, வடிகட்டிய சூப் போன்றவை மட்டும். சிவப்பு நிறப் பானம் உள்ளே இரத்தம்போல் தெரியும், தவிர்த்துவிடுங்கள். பேதி மருந்தைக் கடைசித் துளிவரை குடித்தாக வேண்டும். குடல் சுத்தமாகாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, நீரிழிவு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சோதனை பெரும்பாலும் அரை மணி நேரம்தான். மயக்க மருந்தில் பலருக்கு எதுவும் நினைவிருக்காது. பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய சிறு சதை வளர்ச்சி தென்பட்டால் அங்கேயே அகற்றிவிடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். மெடிசேவ் பணத்தையும் வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். அன்று வண்டி ஓட்டக்கூடாது என்பதால், கூட்டிக்கொண்டு போக வீட்டில் ஒருவரை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள்.