விசேஷம் உண்டா?

கழக்கூட்டத்தில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான கேள்வி ஒன்று இருக்கிறது: "விசேஷம் உண்டா?" டெக்னோபார்க் வேலைக்காக இங்கே வாடகைக்கு வீடு பிடித்திருக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பிள்ளைகளுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே இது வந்துவிடும். ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்பார். கீழ்வீட்டுச் சேச்சி படியிறங்கும்போது கேட்பார். இருவரும் கேட்பது பெண்ணிடம்தான்.

மூன்று மாதம் ஒரு கணக்கே இல்லை. தடுப்பு எதுவுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் மருத்துவம் அதைக் குறையென்று பார்க்கிறது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

பார்க்கப் போனாலும் பல வீடுகளில் அதே வரிசைதான். அவளுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே (அது வலிக்கும்) எல்லாம் முடிந்த பிறகே புருஷனைப் பற்றிய பேச்சு எழும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, செலவும் சொற்பம். குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. "எனக்கென்ன குறை?" என்பார்கள். தாம்பத்தியம் நன்றாக இருந்தும் விந்தில் அணுவே இல்லாத ஆண்கள் நூற்றுக்கு ஒருவர் உண்டு. பரிசோதிக்காமல் அது தெரியாது. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. திட்டுவதற்கு மட்டும் 'மலடி' போதுமென்று வைத்துக்கொண்டோம்.

ஆண்மை கூடுமென்று ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவர்களின் கதை இன்னும் விபரீதம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. விந்தணு உற்பத்தி படுத்துவிடுகிறது. மடியில் வைக்கும் லேப்டாப்பின் சூடும் விரைக்கு ஆகாது. உடம்புச் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும். லேப்டாப் ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டேன்; ஆனாலும் மேஜை இருக்கிறதே! ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். ஊசியையோ சிகரெட்டையோ நிறுத்திவிட்டு அடுத்த வாரமே பலன் தேடக் கூடாது.

'பதினாலாம் நாள்' கணக்கும் எல்லோருக்கும் பொருந்தாது. அது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்கு 21-ஆம் நாளையொட்டித்தான் முட்டை வெளிவரும். முட்டையின் ஆயுள் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். ஆகவே, முந்தைய நாட்களே முக்கியம்.

"புரமோஷன் வரட்டும், அப்புறம் ஐ.வி.எஃப். இருக்கே" என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 50 வயதுவரை இந்தச் சிகிச்சையை அனுமதிக்கிறது. சொந்த முட்டை அதுவரை காத்திருக்காது. அதன் வயதை எந்த ஆய்வகமும் குறைத்துத் தராது.

கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாகப் போனால் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனை. அங்கேயோ வேறெங்கேயோ, போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். முதல் பரிசோதனைச் சீட்டு புருஷன் பெயரில் இருக்கட்டும்.