குறட்டை திடீர் என்று நின்றால்...?

மூச்சுக்கு உதவும் எந்திரமும் முகமூடியும்: பார்த்து வாங்குவது எப்படி?

நள்ளிரவு. கணவர் குறட்டை விடுகிறார். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை.

திடீர் என்று குறட்டை நிற்கிறது. "அப்பாடா!" என்று மனைவி கண்ணை மூடுகிறாள்.

ஆனால், நின்றது குறட்டை மட்டும் அல்ல. மூச்சும் நின்று விட்டது!

பத்து விநாடி... இருபது விநாடி... பிறகு, பெரும் சத்தத்தோடு திணறிக் கொண்டு மூச்சு வருகிறது. மறுபடியும் குறட்டை. ஒரே இரவில் இப்படிப் பல தடவை!

காலையில் கேட்டால், "நன்றாகத் தூங்கினேன்" என்பார் கணவர். ஆனால், பகல் எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவார்.

ஏன் நிற்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்கு மூச்சு போகும் வழியே அடைபட்டு விடுகிறது. உடம்பில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை அவரைத் தட்டி எழுப்புகிறது. அது அவருக்கே தெரிவது இல்லை.

இதைக் கவனிக்காமல் விட்டால் ரத்தக் கொதிப்பு வரலாம். இதயம் கெடலாம். லாரி, பஸ் ஓட்டுகிறவராக இருந்தால், மற்றவர்கள் உயிருக்கும் ஆபத்து!

சிட்னி டாக்டர்

ஒரு காலத்தில், இந்த நோய் முற்றினால் தொண்டையில் ஓட்டை போடுவார்கள். 1980-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி நகரில் ஒரு நோயாளி, "ஓட்டை வேண்டாம்" என்று மறுத்து விட்டார்.

டாக்டர் காலின் சல்லிவன் அவருக்குப் புது வழி ஒன்றைச் செய்து பார்த்தார். மூக்கின் வழியாக விடாமல் காற்றைச் செலுத்தினார். காற்று தொண்டையை அடைபடாமல் தாங்கிப் பிடித்தது. நோயாளி நிம்மதியாகத் தூங்கினார்!

ஆரம்பத்தில் தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மோட்டாரையே காற்று ஊதப் பயன்படுத்தினார்கள். ஒரே இரைச்சல்! முகமூடியை ஒவ்வொரு இரவும் மூக்கில் பசை போட்டு ஒட்டினார்கள். 1981-ல் இந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரை மருத்துவப் பத்திரிகையில் வெளியானது.

இன்று எந்திரம் கைக்கு அடக்கமாக வந்து விட்டது. அதற்கு "சீ-பாப்" என்று பெயர். பசைக்குப் பதில் வார் வந்து விட்டது. ஆனால், ஒன்று மட்டும் மாறவில்லை. முகமூடி பொருந்தாவிட்டால், எந்திரம் வீண்!

முதலில் சோதனை

கடைக்கு ஓடாதீர்கள். முதலில் தூக்கச் சோதனை செய்ய வேண்டும். மூச்சு மணிக்கு எத்தனை தடவை நிற்கிறது அல்லது குறைகிறது என்று கணக்கு எடுப்பார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் பயம் இல்லை. 30-ம் அதற்கு மேலும் என்றால் நோய் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம்.

காற்று எவ்வளவு அழுத்தத்தில் வர வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரே அளவில் ஊதும் எந்திரம் உண்டு. தேவைக்குத் தக்கபடி தானே கூட்டிக் குறைக்கும் எந்திரமும் உண்டு. மூச்சை இழுக்கும்போது அதிகமாகவும், விடும்போது குறைவாகவும் ஊதுவது "பை-பாப்". இது எல்லோருக்கும் தேவைப்படாது.

"இது பிராணவாயு கொடுக்கும் எந்திரமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அறையில் உள்ள காற்றைத்தான் இது ஊதுகிறது.

எந்த முகமூடி?

முகமூடி மூன்று வகை.

மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது ஒன்று. மீசை வைத்தவர்களுக்கும், முகத்தை மூடினால் பயப்படுகிறவர்களுக்கும் இது வசதி.

மூக்கை முழுவதும் மூடுவது இரண்டாவது. மூக்கால் மூச்சு விடுகிற பலருக்கு இதுவே போதும்.

மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. மூக்கு அடைப்பு உள்ளவர்களுக்கும், வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்கும் இது உதவும். தாடி இருந்தால் காற்று கசியலாம்.

கடையில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. படுத்துப் பாருங்கள். எந்திரத்தை ஓட விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு பாருங்கள். கண்ணில் காற்று அடித்தால், அது உங்களுக்கு ஏற்றது அல்ல. வாரை இறுக்கிக் கட்டாதீர்கள். மூக்கு புண்ணாகி விடும். முகமூடியில் உள்ள சிறு துளைகளை அடைக்காதீர்கள். நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

காந்தம், ஜாக்கிரதை!

சில முகமூடிகளில் காந்தக் கொக்கி இருக்கிறது. இதயத்தில் "பேஸ்மேக்கர்" வைத்தவர்கள் அதை வாங்கக் கூடாது. பக்கத்தில் படுப்பவருக்கு அது இருந்தாலும் ஆபத்துதான்.

"மலிவாகக் கிடைக்கிறது" என்று பழைய எந்திரத்தையும் வாங்கி விடாதீர்கள். 2021-ல் பிலிப்ஸ் கம்பெனி லட்சக்கணக்கான எந்திரங்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருந்த பஞ்சு போன்ற பொருள் உதிர்ந்து, மூச்சில் கலக்கலாம் என்பதுதான் காரணம்.

பீரோவுக்குள் வைக்காதீர்கள்!

முகமூடியைத் தினமும் சோப்பு நீரில் கழுவுங்கள். ஈரப்பதம் தரும் தொட்டியில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

முதல் சில நாள் சங்கடமாகத்தான் இருக்கும். பகலில் அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். அப்படியும் ஒத்துக் கொள்ளவில்லையா? டாக்டரிடம் சொல்லி வேறு முகமூடி மாற்றுங்கள். எந்திரத்தைப் பீரோவில் பூட்டி வைத்தால், நோய் பூட்டிக் கொள்ளாது!

சரியான முகமூடி அமைந்து விட்டால், ஒருநாள் இரவு வீட்டில் குறட்டைச் சத்தமே கேட்காது. காற்றின் மெல்லிய ஓசை மட்டும் கேட்கும்.

அன்று மனைவியும் பயம் இல்லாமல் தூங்கலாம்.