ரசிகர் செய்த விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த மில்டன் குவாஸ்தி என்பவர் ஒரு வீடியோ விளையாட்டை இணையத்தில் வெளியிட்டார். ஓய்வு நேரங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்து அவர் உருவாக்கியது அது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிக்காக 1991-இல் வெளியிட்ட 'மெட்ராய்டு 2' விளையாட்டைத்தான் அவர் புதுப்பித்திருந்தார். பழைய விளையாட்டு நான்கே சாயல்கள் தெரியும் சிறு திரையில் ஓடியது. குவாஸ்தி அதற்கு வண்ணம் சேர்த்தார். இசையைப் புதிதாக அமைத்தார். குகைகளில் வழி தெரியாமல் சுற்றுவோருக்கு வரைபடமும் தந்தார். மெட்ராய்டு தொடரின் முதல் விளையாட்டு வெளிவந்து சரியாக 30 ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

சில நாட்களுக்குள் நின்டெண்டோவின் அறிவிப்பு வந்தது. விளையாட்டை வைத்திருந்த இணையதளங்கள் அதை நீக்கின. செப்டம்பரில் குவாஸ்தி தம் வேலையை நிறுத்திக்கொண்டார்.

உங்களுக்குக் கோபம் வரலாம். அவர் ஒரு காசும் வாங்கவில்லை. நின்டெண்டோவின் நிரலைத் திருடவுமில்லை. 'கேம்மேக்கர்' என்னும் கருவியைக் கொண்டு நிரலைத் தாமே எழுதினார். பிறகு எதை எடுத்தார் என்று இந்த அறிவிப்பு?

இதற்கு விடை காண, ஒரு விளையாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் பரமபத அட்டை இருக்கிறதா? ஏணியில் ஏறுவது, பாம்பு கடித்தால் இறங்குவது என்ற விதி எவருக்கும் சொந்தமில்லை. நீங்களே ஒரு தாளில் கட்டம் போட்டு, பாம்பு வரைந்து, நண்பர்களுடன் ஆடலாம். ஆனால் ஓர் ஓவியர் அண்மையில் வரைந்த அட்டையை அப்படியே அச்சிட்டு விற்க முடியாது. விதி என்பது கருத்து. ஓவியம் என்பது அந்தக் கருத்துக்கு ஒருவர் கொடுத்த வடிவம். பதிப்புரிமைச் சட்டம் வடிவத்தைக் காக்கிறது, கருத்தை விட்டுவிடுகிறது. (செய்தித்தாள்களில் இதையே 'காப்புரிமை' என்று எழுதிவிடுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான வேறோர் உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

வீடியோ விளையாட்டில் இத்தகைய வடிவங்கள் பல அடங்கியுள்ளன. கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல் ஒன்று. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு நிரல் எழுதுபவரும் நாவல் எழுதுபவரும் ஒரே பந்தியில் அமர்ந்தவர்கள்! படங்கள் வேறு, இசை வேறு, கதை வேறு. குவாஸ்தி நிரலைத் தாமே எழுதினார். ஆனால் கதையும், சாமுஸ் என்னும் வீராங்கனையும், அசுரப் பிராணிகளும், இசையின் மெட்டுகளும் நின்டெண்டோவிடமிருந்து வந்தவை. மூலப் படைப்பிலிருந்து மற்றொன்றைப் படைக்கும் உரிமையும் மூல உரிமையாளருடையதே. நாவலைத் திரைப்படமாக்க நாவலாசிரியரின் அனுமதி வேண்டும் அல்லவா? அது போலத்தான்.

கருத்துக்கும் வடிவத்துக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று இதை ஆராய்ந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். அதைப் போன்ற ஒன்றை 'மினோ' என்ற பெயரில் ஒரு நிறுவனம் செய்து விற்றது. "நாங்கள் விதிகளை மட்டுமே எடுத்தோம், விதிகள் பொதுச்சொத்து" என்பது அவர்கள் வாதம். கட்டைகள் விழுவதும், நிறைந்த வரிசை மறைவதும் பொது என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் கட்டைகளின் தோற்றம், 20 கட்டம் உயரமும் 10 கட்டம் அகலமும் கொண்ட ஆடுகளம் ஆகியவையெல்லாம் விதியால் நேர்ந்தவை அல்ல. வேறு விதமாகவும் அமைத்திருக்கலாம். ஆகவே அது வடிவத்தின் நகல் என்று தீர்ப்பு வந்தது.

இதைவிடச் சுவையான வழக்கு ஒன்று 1998-இல் நடந்தது. 'டியூக் நூகெம் 3டி' என்ற விளையாட்டுடன், புதிய கட்டங்களை ஆடுவோரே அமைக்க ஒரு கருவியும் தரப்பட்டிருந்தது. ரசிகர்கள் ஏராளமான கட்டங்களை அமைத்து இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்தார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அவற்றில் 300 கட்டங்களைத் திரட்டிக் குறுந்தகட்டில் விற்கத் தொடங்கியது. உரிமையாளரான ஃபார்ம்ஜென் நிறுவனம் எதிர்த்தது.

ரசிகர்களின் கோப்புகளில் டியூக் நூகெமின் ஒரு படம்கூடக் கிடையாது. "இந்த இடத்தில் சுவர் வை, இங்கே இந்த எண்ணுள்ள படத்தைக் கொண்டுவா" என்ற குறிப்புகள்தாம் இருந்தன. படங்கள், ஆடுபவரிடம் உள்ள மூல விளையாட்டிலிருந்து வரும். சமையல் குறிப்பு எழுதியவரைப் பார்த்து, "என் அரிசியைத் திருடினாய்" என்று சொல்லலாமா? மைக்ரோ ஸ்டாரின் வாதம் ஏறக்குறைய இதுதான். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தக் குறிப்புகள் திரையில் தோன்றப்போவதை நுணுக்கமாக வருணிக்கின்றன. அவற்றால் பிறப்பவை டியூக்கின் புதிய சாகசக் கதைகள். மூலக் கதையின் தொடர்ச்சியைப் படைக்கும் உரிமை உரிமையாளருக்கே என்றது.

அப்படியானால் கட்டங்களை அமைத்த ரசிகர்கள்? அவர்களுக்கு உரிமம் இருந்தது. கட்டங்களை இலவசமாக மட்டுமே பிறருக்குத் தரலாம் என்பது அதன் நிபந்தனை. உரிமம் என்பது, "என் பொருளை இன்னின்ன வகையில் பயன்படுத்திக்கொள்" என்று உரிமையாளர் தரும் அனுமதிச் சீட்டு. சீட்டில் எழுதியதற்கு அப்பால் அது செல்லாது. இலவசமாகத் தருவதே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதி இல்லாத இடத்தில் 'இலவசம்' என்ற சொல் எவரையும் காப்பாற்றிவிடாது. குவாஸ்திக்கு நேர்ந்ததே சாட்சி.

உரிமத்தின் நுட்பத்தை 'டூம்' விளையாட்டில் நன்றாகக் காணலாம். 1993-இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் இதை வெளியிட்டபோது நிரலை ஒரு கோப்பிலும், படங்கள், ஒலி, கட்டங்கள் ஆகியவற்றைத் தனியாக 'வாட்' என்ற கோப்பிலும் வைத்தது. ரசிகர்கள் தம் சொந்தப் படங்களைச் செருகிக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் விருப்பமே! 1997 இறுதியில் மூல நிரலையும் வெளியிட்டார்கள். 1999-இல் அதை ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார்கள். இதன்படி எவரும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; மாற்றியதைப் பிறருக்குத் தரும்போது மூல நிரலையும் இதே நிபந்தனையுடன் தர வேண்டும். ஆனால் படங்களையும் இசையையும் இந்த உரிமம் தொடவில்லை. அவை இன்றும் காசு கொடுத்து வாங்க வேண்டியவையே. எனவே 'ஃப்ரீடூம்' என்ற ரசிகர் குழு அரக்கர்கள், சுவர்கள், ஒலிகள் அனைத்தையும் புதிதாகவே படைத்துச் சேர்த்தது. பொறுமையான வேலை, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முயற்சி இதுதான்.

பெயரும் ஒரு தனிப் பொருள். அது வணிகக்குறிச் சட்டத்தின் பாற்பட்டது. 1998-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை ரசிகர்கள் புதிதாக அமைத்து, 'பிளாக் மேசா: சோர்ஸ்' என்று பெயரிட்டிருந்தார்கள். 'சோர்ஸ்' என்பது வால்வின் சொந்த மென்பொருளின் பெயர். அதை நீக்கும்படி வால்வ் கேட்டது, நீக்கினார்கள். 2012-இல் அது இலவசமாக வெளிவந்தது. பின்னர் வால்வின் அனுமதியுடன் 2015-இல் விலைக்கு வந்து, 2020-இல் முழுமை பெற்றது. சேகா நிறுவனமோ ஒரு படி மேலே போய், தன் 'சோனிக்' விளையாட்டுகளின் ரசிகரான கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலியரையே அழைத்து, 2017-இல் 'சோனிக் மேனியா' என்ற அதிகாரபூர்வமான விளையாட்டைச் செய்ய வைத்தது. ஒரே செயலை ஒருவர் அணைக்கிறார், ஒருவர் தடுக்கிறார். சட்டம் தேர்வை உரிமையாளரிடம் விட்டுவிடுவதால் வரும் வேறுபாடு இது.

நிறுவனங்கள் தடுக்காவிட்டால் பதிப்புரிமை போய்விடும் என்று சிலர் கூறுவதை நம்பாதீர்கள். வணிகக்குறியைக் காக்காமல் விட்டால் அது வலுவிழக்கக்கூடும். பதிப்புரிமை அப்படிப் போவதில்லை. சும்மா இருந்த உரிமையாளர் பத்தாம் ஆண்டில்கூட எழுந்து வரலாம்.

உங்களில் பலர் பள்ளிக் கணிப்பொறியில் 'ஸ்கிராட்ச்' கொண்டு விளையாட்டுச் செய்திருப்பீர்கள். அந்தத் தளத்தில் பகிர்ந்த படைப்பை மற்றவர் மாற்றிப் பயன்படுத்தலாம். மூலவரின் பெயரைக் குறிப்பிட்டு, இதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்று அதன் உரிமம் சொல்கிறது. நீங்கள் நண்பர்களுடன் சேர்ந்து செய்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். படம் வரைந்தவருக்குப் படத்திலும், மெட்டமைத்தவருக்கு மெட்டிலும் தனித்தனி உரிமை உண்டு. பாதியில் சண்டை வந்து ஒருவர் விலகினால் அவர் பங்கும் அவருடன் போய்விடலாம். எனவே யார் செய்ததை எவ்விதம் பயன்படுத்தலாம் என்று தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் எடுத்த படம், ஒலி ஒவ்வொன்றின் உரிமத்தையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு தேடினால் எது எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் நினைவிருக்காது.

குவாஸ்தியின் கதையில் சிறிது மிச்சம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் நின்டெண்டோ அதே 'மெட்ராய்டு 2' விளையாட்டின் மறு ஆக்கத்தைத் தானே வெளியிட்டது. சொந்தச் சரக்கு கடைக்கு வரவிருந்த நேரத்தில்தான் ரசிகரின் இலவசச் சரக்கு குறுக்கே வந்திருந்தது! குவாஸ்தியின் திறமையைக் கண்ட மூன் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2020-இல் வெளிவந்த அதன் 'ஓரி அண்டு தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்' விளையாட்டில் கட்டங்களை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர்.