முதலாளி பேசும் விதம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டியைக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. மரம் தாமதமாகத்தான் வந்தது. ஒரு முதலாளி, "என்ன பண்ணுவீங்களோ தெரியாது, புதன்கிழமை வண்டி வெளிய போகணும்" என்பார். இன்னொருவர், "பார்ட்டி புதன்கிழமை கேக்கறாருங்கண்ணா. முடியுங்களா, பாத்துச் சொல்லுங்க" என்பார். "கேபின் முடிஞ்சிருமுங்க, பெயிண்ட் காயாது. வியாழக்கிழமைன்னு சொல்லீருங்க" என்று பெயிண்டர் வாய்திறப்பது இரண்டாவது பட்டறையில்தான். முதல் பட்டறையில் அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

எந்த உணர்ச்சியை வெளியே காட்டலாம், எதை விழுங்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு வேலையிடத்திலும் எழுதாத சட்டம் உண்டு. மேலே இருப்பவர் பேசுவதைப் பார்த்தே மற்றவர்கள் அதைக் கற்கிறார்கள். சீகல் பார்சேட், ஒலிவியா ஓநீல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தை 16 மாதம் கவனித்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அன்பும் அக்கறையும் வெளிப்படையாகப் புழங்கிய பிரிவுகளில் ஊழியர்களுக்கு உணர்ச்சிக் களைப்பு குறைவாக இருந்தது. வேலைக்கு வராமல் இருப்பதும் குறைந்திருந்தது.

அன்பு என்றால் கொஞ்சிப் பேசுவதல்ல. 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர்போனவர். எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் என்று மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, நேர ஒழுங்கோடு நடத்திய அந்த நிறுவனம் நூறுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. கண்டிப்பு ஆட்களை விரட்டுவதில்லை. ஆளுக்கொரு நியாயம்தான் விரட்டும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் வேறொரு சங்கதி. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய தறி ஓட்டுபவர், கடன் அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல் கட்டுண்டு கிடப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த துயரம். அவரிடம் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசினால் மனம் ஒட்டாது. போக வழியிருந்தும் ஒருவர் தங்கினால்தான் அது பிடிப்பு.

கடைகளில் நாளெல்லாம் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. ஸ்டூல் போட்டாலும், உட்கார்ந்தவரை சூப்பர்வைசர் முறைத்தால் மறுநாள் யாரும் உட்கார மாட்டார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை நடத்துகிறவர்களே, கூட்டமில்லாத நேரத்தில் "உக்காருங்கம்மா" என்று நீங்களே சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லுங்கள்.