சிகிச்சை அருகில் வந்தால் அலைச்சல் குறையும்

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளும் உறவினர்களும் இரவைக் கழிப்பது பல்லாண்டுகளாகத் தொடரும் காட்சி. அவர்களில் புற்றுநோயாளிகளும் உண்டு. அனைவரும் அறுவைச் சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ வந்தவர்கள் அல்லர். ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டவும், மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கவும் ரயிலேறி வந்தவர்களும் உள்ளனர்.

கீமோதெரபி மருந்து பெரும்பாலும் 3 வாரங்களுக்கு ஒருமுறை செலுத்தப்படுகிறது. அதற்கு முன் ரத்த அணுக்களின் அளவு சரிபார்க்கப்படும். குறைந்திருந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். இந்தச் சாதாரணப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையிலேயே செய்து முடிவைத் தெரிவித்தால், ஒரு பயணமே மிச்சமாகும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ஆனால், புறநோயாளிச் செலவும், தங்குமிடமும், இழந்த கூலியும் அதில் அடங்கா. பணம் தீர்ந்து பாதியில் சிகிச்சையைக் கைவிடுவோருக்கு அலைச்சலே எமனாகிவிடுகிறது.

பட்ஜெட் வாக்குறுதி

நாட்டில் 2022-இல் மட்டும் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, புற்றுநோய்ச் சிகிச்சை குறித்துத் தனி அறிக்கையே அளித்தது. அடுத்த 3 ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும். 2025-26-இல் 200 மையங்கள் நிறுவப்படும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025 பிப்ரவரி 1-இல் அறிவித்தார்.

சிகிச்சை முறையைப் பெரிய மருத்துவமனை முடிவு செய்யும். மருந்து சொந்த மாவட்டத்தில் செலுத்தப்படும் என்பதே இத்தகைய மையங்களின் அடிப்படை. இதற்கு முன்னோடிகள் உண்டு. அசாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளையும் இணைந்து உருவாக்கிய 7 புற்றுநோய் மருத்துவமனைகள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்த் தொகுப்பில் 300-க்கும் மேற்பட்ட மையங்களும் அமைப்புகளும் இணைந்துள்ளன.

வீடு தேடி வரும் மருத்துவம்

முற்றிய நோயாளிகளை இரவில் அவசரப் பிரிவுக்கு விரட்டுவது பெரும்பாலும் வலிதான். 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவியது. 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அங்கு உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடுகளுக்கே செல்கின்றனர். தமிழகத்தில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் இச்சேவை இடம்பெற்றுள்ளது.

எல்லாப் பயணங்களும் தவிர்க்கக் கூடியவை அல்ல. கீமோதெரபிக்குப் பின் காய்ச்சல் வந்தால் தாமதம் உயிருக்கே ஆபத்து. எதற்கு வர வேண்டும், எதற்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் 766 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உபாதைகளை வீட்டிலிருந்தும் இணையம் வழியே தெரிவித்து, செவிலியர் கவனிப்பைப் பெற்றவர்களில் 34 சதவீதத்தினரே அவசரப் பிரிவை நாடினர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 41 சதவீதம். முதல் பிரிவினர் சராசரியாக 5 மாதங்கள் கூடுதலாக வாழ்ந்ததும் 2017-இல் தெரியவந்தது.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மையத்தை அறிவிப்பது தில்லி; மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தி நடத்த வேண்டியவை மாநிலங்கள். கட்டடமும் படுக்கையும் இருந்து, மருந்து இல்லையென்றால் நோயாளி மீண்டும் ரயிலேறுவார். எத்தனை மையங்கள் திறக்கப்பட்டன என்பதோடு, எத்தனை பேர் சொந்த மாவட்டத்திலேயே சிகிச்சையை முடித்தனர் என்ற கேள்வியையும் எம்.பி.க்கள் அவையில் எழுப்ப வேண்டும். எய்ம்ஸ் நடைபாதையில் கூட்டம் குறைகிறதா என்பதற்கு அந்தப் பதிலே அளவுகோல்.